அடுத்த வளவுக்குப் போன ஊழியக்காரி

ரெம்ருவாத்தி என்ற பெயர் கோப்பாயில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. வந்த இரண்டாம் நாளே அவள் ரேவதி ஆகிவிட்டாள். மிசோரம் மலைகளில் பிறந்து, சென்னையில் தாதிப் படிப்பு முடித்து, அங்கே கிடைத்த ஆஸ்பத்திரி வேலையையும் உதறிவிட்டு, இருபத்துநான்கு வயதில் இயேசுவின் செய்தியைச் சொல்லக் கடல் கடந்து எங்கள் ஊருக்கு வந்தவள். சபைப் பொறுப்பாளன் என்ற முறையில் அவளுக்குச் சாப்பாடும் படுக்கையும் என் வீட்டில். என் பெயர் செல்வத்துரை. முப்பது வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்ந்தவன்.

அவளை அனுப்பிய மிஷன் கறாரானது. ஆறு வாரம்தான் தவணை. எத்தனை பேரிடம் பேசினாள், எத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் படத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். கடைசி வரை ஒருவருமில்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் சபையிலோ எஞ்சியிருப்பது இருபத்திரண்டு பேர். அதில் அறுபதைத் தாண்டாதவர்கள் ஐந்து பேர். இவள் வந்த பிறகுதான் ஞாயிறு பாட்டில் உயிர் வந்தது. எப்படியாவது இவளை இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று நான் தலைகீழாக நின்றேன்.

அவளோ மூன்றாம் நாளே அடுத்த வீட்டு வளவுக்குப் போய்விட்டாள்.

அந்த வளவு குணலட்சுமியுடையது. கணவன் இல்லை, தனியாக வெங்காயப் பயிர் செய்கிற மனுஷி. அவளும் நானும் ஏழு வருடமாகக் கதைப்பதில்லை. காரணம் வேலி. வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் கதியால் தடிகளை என் பக்கம் நாலு விரல் தள்ளி நட்டாள் என்பது என் கட்சி. தள்ளியது நான்தான் என்பது அவள் கட்சி. அவள் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக் கட்டுப் போட்ட செய்தி எனக்கும் தெரியும்தான். தெரிந்துகொண்டு சும்மா இருந்தேன்.

வெங்காயத்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை இறைக்க வேண்டும். மிசின் தண்ணீரை இழுத்துத் தரும். ஆனால் ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அதை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். தண்ணீர் மாறுவது என்போம். ஒற்றைக் கையால் நடக்கிற காரியமல்ல. ரேவதி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் நாள் நாலு வரம்பை உடைத்து, குணலட்சுமியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்றாம் முறை கை பழகிவிட்டது. பிறகு அவளுக்குத் தலை சீவி இழுத்துவிடுவது, தேங்காய் திருவிக் கொடுப்பது என்று அரை நாள் அங்கேதான்.

இயேசுவைப் பற்றிச் சொன்னாயா என்று தினமும் கேட்பேன். அக்கா கேட்டபோது சொன்னேன் என்பாள். அக்கா கேட்டது ஒரேயொரு முறை. நாலு வாரமும் அவள் அறிக்கையில் விசுவாசத்துக்கு வந்தவர் ஒருவருமில்லை.

ஐந்தாம் ஞாயிறு, நெற்றி நிறையத் திருநீற்றோடு குணலட்சுமியே தேவாலயத்துக்கு வந்துவிட்டாள். பின்வரிசையில் நின்று, நல்ல கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினாள். நான் சட்டென்று போனில் ஒரு படம் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், என் சந்தோஷத்தில் பாதிதான் கர்த்தருக்கு. மற்றப் பாதி வேலிக்காரியை விழுத்திவிட்டேன் என்பது. பின்னேரம் ரேவதியிடம் படத்தைக் கொடுத்து, வேறொன்றும் எழுத வேண்டாம், இதை மட்டும் அனுப்பு, பொய்யே இல்லை என்றேன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு நேரே குணலட்சுமியிடம் போய்ப் படத்தைக் காட்டி, தேவாலயத்தில் என்ன வேண்டினீர்கள் என்று கேட்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் பிடுங்குவதுபோல் நின்றேன்.

“நான் தெல்லிப்பழை அம்மனைத்தான் கும்பிட்டனான் பிள்ளை,” என்றாள் குணலட்சுமி. “உனக்கு ஒரு குறையும் வரக்கூடாதெண்டு.”

படம் எதற்கு, தவணை என்ன என்று ரேவதி ஒளிக்காமல் சொன்னாள். குணலட்சுமி படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

“அப்ப அனுப்பு. ஆரும் கேட்டால் நான் உங்கடை வேதத்துக்கு மாறிட்டன் எண்டு சொல்லுறன். நீ இஞ்சை நிண்டால் போதும்.”

என் மனம் துள்ளியது. அந்தத் துள்ளல் அடங்குமுன் ரேவதி சொன்னாள்:

“எனக்காக நீங்க பொய் சொல்லக் கூடாதுக்கா. அப்புறம் நான் உங்களுக்கு எதைச் சொல்ல வந்தேனோ, அதைச் சொல்ல எனக்கு வாயே இருக்காது.”

கையில் இருந்த முருங்கைக்காயோடு வீட்டுக்குள் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது. நாற்பது வருடமாகப் பிரசங்கம் கேட்கிறவன் நான். அதை நடத்திக் காட்டியது இந்தச் சின்னப் பெட்டை.

அன்று அவள் அனுப்பிய அறிக்கையை வாசிக்கத் தந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தேவாலயத்துக்கு வந்தார், எனக்காகத் தன் அம்மனிடம் வேண்டினார், நான் அவருக்காக இயேசுவிடம் வேண்டினேன், அவ்வளவுதான். படம் இல்லை. வியாழக்கிழமை பதில் வந்தது: சனிக்கிழமை திரும்பி வரவும்.

என் மனைவி பொன்மலர் கண்ணைத் துடைத்தாள். நான் அந்த மிஷனைத் தாறுமாறாகத் திட்டினேன். ரேவதியின் முகமும் வாடித்தான் இருந்தது. இந்த ஊழியத்துக்காக அவள் பதினாறு வயதிலிருந்தே ஆசைப்பட்டவள். ஆனால் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

“அங்கிள், அக்கா கை கட்டு அவிழ்க்க இன்னும் மூணு வாரம் இருக்கு. திங்கட்கிழமை தண்ணி மாறணும். யார் வருவாங்க?”

பொன்மலர் என்னைப் பார்த்தாள். நான் என் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். சனிக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். அதுவரை அவள் இன்னொரு முறை கேட்கவில்லை.

திங்கள் விடிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப் போனேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த வாசல் படலையடியில் போய் நின்றேன். குணலட்சுமி ஒற்றைக் கையால் மிசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி மாற வந்தனான்,” என்றேன்.

என்னையும் மண்வெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து வந்து படலையைத் திறந்தாள்.

“வாங்கோ அண்ணை,” என்றாள். “வேலிக்கரைப் பாத்தியிலை தொடங்குவம்.”