கணவன் விழுங்கிய சேதி

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நான் மூத்த டாக்டராக வேலை பார்த்த நாட்களில், பட்டணத்தில் படித்து முடித்து வரும் இளம் டாக்டர்களை என்னிடம்தான் விடுவார்கள். பெற்றவர்கள் சொல்லும் எதையும் அப்படியே நம்பாதே என்றுதான் பாடத்தைத் தொடங்குவேன். நோயைச் சொல்ல வரும் தகப்பன் பிள்ளையைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டான். பார்த்த தாயோ அந்நிய ஆண்பிள்ளையிடம் பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று புருஷனிடம் சொல்வாள். அவன் நம்மிடம் சொல்வான். வழியில் எவ்வளவு சிந்துகிறது என்று கவனி என்பேன். முதுகுக்குப் பின்னால் என்னைச் சிடுமூஞ்சி என்றார்கள். சரிதான்.

ஒரு ஐப்பசியில் ஜவுளி வியாபாரி ஒருவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது, குழந்தைக்குச் சுகமில்லை என்று. புதிதாக வந்திருந்த டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் வியாபாரி உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன், குழந்தையின் தகப்பன், கதவோரம் நின்றான். டாக்டர் விவரம் கேட்டார். கதவுக்குப் பின்னால் தாய் வெகுநேரம் முணுமுணுத்தாள்.

"லேசா காய்ச்சல்னு சொல்லுதா," என்றான் அவன்.

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா? குழந்தை அடித்துப்போட்டதுபோல் கிடந்தது. தொட்டால் சூடே இல்லை. நன்றாகத் தூங்குகிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இமையைத் தூக்கினால் கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே மகன் அப்பாவைப் பார்த்தான். பெரியவரை வெளியே கூட்டிப்போகச் சொல்லி டாக்டருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர்கள் நகர்ந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து தாயின் குரல் நேராக என்னிடமே வந்தது.

"வயித்தால போகுதேன்னு மாமா டப்பியில இருந்து அபினி எடுத்துக் குடுத்துட்டேன்யா."

பெரியவர் மூட்டுவலிக்கு வைத்திருந்த அபினி. கேட்காமல் எடுத்தது தெரிந்தால் என்ன ஆகுமோ என்று புருஷனும் பெண்டாட்டியும் மறைத்திருக்கிறார்கள். டாக்டரைக் கூப்பிட்டேன். கடுங்காப்பி புகட்டினோம், உள்ளங்காலைத் தட்டினோம், தூங்கவிடாமல் தோளில் போட்டுக்கொண்டு மாறி மாறி நடந்தோம். பொழுது சாயும்போது பிள்ளை வாய்விட்டு அழுதது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பெரியவர் உள்ளே வந்தார்.

"டப்பியில குறைஞ்சது எனக்குக் காலையிலயே தெரியும்வே. உண்மை யாரு வாயில இருந்து வருதுன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் நிதானமாக.

அத்தனை சந்தேகம் பிடித்த எனக்கே அது தோன்றியிருக்கவில்லை.

அதுவரை எங்கள் கண்ணில் படாத அந்தப் பெண் கதவைத் தாண்டி வந்தாள். டாக்டர் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, மாமனார் முன்னாலேயே நடந்து வாசலில் போய் நின்றாள்.

"பேட்டைக்கு வண்டி பிடிங்க. என்னைப் பெத்த அய்யா வீட்டுக்குப் போறேன்," என்றாள் புருஷனிடம்.

அவன் செருப்புக்கூட மாட்டாமல் ஓடினான்.