உள்தாழ்ப்பாள்

ஆராதனை தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் திருப்புளியக்கா ஞாயிறு பள்ளி அறைக் கதவோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டார். உள்ளே நடப்பது வெளியே தெரியட்டும் என்று அந்தக் கதவில் வைத்த கண்ணாடியை, யாரோ வண்ணக் காகிதப் பூக்களை ஒட்டி முழுசாக மறைத்திருக்கிறார்கள். அக்கா பழைய பிளேடால் சுரண்டுகிறார். "போன வாரம் பட்டாம்பூச்சி, இந்த வாரம் பூ. அடுத்த வாரம் ஒரு யானையையே கொண்டாந்து நிறுத்துவாங்க."

தையல் மிஷின் பழுது பார்க்கும் கடையில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. அதனால் கைப்பையில் வேதாகமம், மூக்குக்கண்ணாடி, இருமல் மிட்டாயோடு ஒரு திருப்புளியும் எப்போதும் கிடக்கும். சபையில் பிள்ளைகள், இயலாத பெரியவர்கள் ஆகியோரின் பாதுகாப்பை அவர் பொறுப்பில் விட்ட முதல் வாரமே அந்தத் திருப்புளி வேலையைத் தொடங்கிவிட்டது. அறைக்கதவுகளின் உள்தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கழிப்பறையை மட்டும் பெரிய மனது வைத்து விட்டுவைத்தார்.

அவர் கேட்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. பிள்ளையோடு பெரியவர் யாரும் தனியாக அறைக்குள் இருக்கக் கூடாது. கூட இன்னொருவர் வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பார்க்கப் போனாலும் இரண்டு பேராகப் போக வேண்டும். இதைச் சொன்னால் சபையார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஜெபம் பண்ணப் போறதுக்குமா ரெண்டு ஆளு?" என்று ஒருவர் சிரிக்கிறார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்க்கா" என்று இன்னொருவர் உருகுகிறார். "குடும்பம்னு சொன்னீங்கன்னாதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்கிறார் அக்கா. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மறுநாள் காலை பழைய கதைதான். அக்காவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வருகிறது.

அவர் ஏன் இப்படி உயிரை விடுகிறார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும், பேச மாட்டார்கள். பதினாறு வருடத்துக்கு முன் அக்கா ஞாயிறு பள்ளி ஆசிரியை. ஒரு சிறுமி அவர் கையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், நான் அந்த மாமா ரூமுக்குப் போகல" என்றாள். அந்த மாமா ஊருக்கே நல்லவர். "அடம் புடிக்காத, போ" என்று முதுகில் கை வைத்து அனுப்பினார் அக்கா. விஷயம் வெளியே வந்தபோது, பெரியவர்கள் கூடிப் பேசி அந்த ஆளைச் சத்தமில்லாமல் வேறெங்கோ அனுப்பிவைத்தார்கள். சிறுமியின் குடும்பம் அதற்குப் பிறகு இந்தப் படியேறவில்லை. "வேற யாரும் அனுப்பல. நான்தான் அனுப்பினேன்" என்று அக்கா இன்றைக்கும் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கோபம் இருக்காது.

இந்த வாரத் தலைவலி பாட்டு அறை. அங்கே முப்பது வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் அக்காவின் சொந்த அண்ணன். வாண்டுகள் ஓடி வந்து பயிற்சியைக் கெடுக்கிறார்களாம். புதுசாக ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை வாங்கி அவரே மாட்டிவிட்டார். அதைக் கழற்றினால் இனிப் பாட்டே சொல்லித் தர மாட்டேன் என்றும் அறிவித்துவிட்டார்.

போதகர் வராந்தாவில் அக்காவை மடக்கினார். "அவரப் பத்தி நமக்குத் தெரியாதா? இந்த ஒரு தடவை கண்டுக்காம விடுங்கக்கா."

"அந்த ஆளப் பத்தியும் இப்படித்தானே சொன்னோம், பாஸ்டர்? எங்கண்ணனுக்கு விட்டுட்டா, நாளைக்கு வேற எந்தக் கதவுல நான் கை வைக்க முடியும்?"

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாட்டு அறை வாசலில் பத்து வயதுப் பெண் ஒருத்தி நோட்டும் கையுமாக நின்றிருந்தாள். உள்ளே அண்ணன் கீபோர்டின் முன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"உள்ள வாம்மான்னு மூணு தடவ கூப்பிட்டுட்டேன். இன்னொரு ஆள் வரட்டுங்குது. ஒரு குழந்தை என்னைப் பாத்துப் பயந்து வெளிய நிக்குது! உனக்கு இப்ப சந்தோஷமா?"

"சந்தோஷம்தாண்ணா. அன்னிக்கு ஒருத்தி வரமாட்டேன்னு சொல்லியும் அனுப்பிவெச்சேன். இவ நின்னதுக்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லணும்."

அக்கா கைப்பையை இறக்கி வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார். மூன்று திருகுகள் சுலபமாக வந்தன. நான்காவது அசையவில்லை. அண்ணன் எதைச் செய்தாலும் கெட்டியாகத்தான் செய்வார். அக்காவின் கை வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடியும் வழுக்கியது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தார். திருப்புளியை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். தாழ்ப்பாள் கையோடு வந்தது. "புதுசு. வீட்டுக்கு ஆகும்" என்று முணுமுணுத்தபடி அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அக்கா நாற்காலி ஒன்றை இழுத்து, திறந்திருந்த கதவுக்கு முட்டுக் கொடுத்தார், அதில் உட்கார்ந்தார், சிறுமியை உள்ளே வரச் சொன்னார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினார். தாழ்ப்பாள் வந்து விழும்வரை அந்தக் கை இறங்கவில்லை.