கோபுரத்துக்கு நான் அடித்த நீலம்

போன ஞாயிறு காலை. காபியை வாயில் வைக்கிறேன், வாசலில் பைக் சத்தம். பனித்திட்டுக் குப்பத்து ஏழுமலை! சின்ன ஃபைபர் போட் வைத்திருக்கும் மீனவர். எப்போதும் சிரித்துக்கொண்டே வருபவர் முகத்தில் அன்று சிரிப்பே இல்லை.

“சார், மாதா கோயில் கோபுரத்துக்கு நீலம் அடிக்கச் சொல்லி எழுதினது நீங்கதானா?”

நானேதான். எங்கள் பக்கத்து ஊர் மாதா கோயில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். கட்டிய கொத்தனார் யார், ஓட்டு வீடுகளுக்கு நடுவே கோபுரத்தை ஏன் அவ்வளவு உயரமாக எழுப்பினார்கள்... யாருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் முன்பு எழுதினேன். அதோடு சும்மா இருந்தேனா? ‘எத்தனை காலத்துக்கு வெறும் வெள்ளை? வானம் மாதிரி நீலம் அடித்தால் எவ்வளவு அழகு!’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

ஃபாதர் படித்திருக்கிறார். அடித்தும் விட்டார். நாம் எழுதுவதை யார் கேட்கிறார்கள் என்று அடிக்கடி அலுத்துக்கொள்வேன் — கேட்டுவிட்டார்கள்!

“அழகாத்தானே இருக்கு ஏழுமலை?”

“இன்னா அழகு? வானமும் நீலம், அதுவும் நீலம். கடல்லேர்ந்து பாத்தா கோபுரமே இல்ல சார்!”

அப்புறம்தான் விளங்கியது. கடலிலிருந்து பார்க்கும்போது வெள்ளைக் கோபுரமும் அதன் பின்னால் இருக்கும் தண்ணீர் டேங்கும் ஒரே நேராக வந்தால், அந்த நேர்க்கோட்டிலேயே போகப் போக கடலடியில் பாறை. பாறை இருந்தால் மீன்.

“ஜிபிஎஸ் இருக்குமே?”

“அது பெரிய போட்டுக்காரங்களுக்கு. எனக்கு கோபுரந்தான். நாலு நாளா வெறும் வலையோட வரேன்.” கடல் பக்கம் கை காட்டினார். “சுனாமி அன்னிக்கி நான் கடல்ல இருந்தேன் சார். திரும்பிப் பாத்தா கரையில வூடு இல்ல, ஒண்ணும் இல்ல. எது நம்ம ஊருன்னே தெரில. அந்த வெள்ளக் கோபுரத்த பாத்துதான் வந்து சேந்தேன்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. கோபுரத்தைக் கட்டியது யார் என்று ஊரெல்லாம் விசாரித்தேனே... அதைத் தினமும் பார்ப்பது யார் என்று ஒருவரையாவது கேட்டேனா?

இருவருமாக ஃபாதரிடம் ஓடினோம். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பெயிண்ட் வாசனைகூட போகலையேப்பா!” பிறகு அவரே ஒரு வழி சொன்னார். “கடல் பக்கம் மட்டும் வெள்ளை அடிச்சிட்டா போதுமா?”

ஏழுமலை முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

இப்போது கோபுரம் ஊருக்கு நீலம், கடலுக்கு வெள்ளை. நேற்று வந்த ஏழுமலை ஒரு வஞ்சிரத்தை என் கையில் வைத்தார். பைக்கைக் கிளப்பியவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

“சார்... தண்ணி டேங்க பத்தி எதுவும் எழுதிடாதீங்க!”