வெள்ளிக் கிரகத்துக்கு ஒன்பது ஞாயிறு

மோர்டனில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில், எதிரொலியை அடக்கப் பழைய போர்வைகளைச் சுவரில் ஆணியடித்த சிறிய அறையில்தான் புலம்பெயர்ந்த எங்கள் தமிழ் வானொலி நடந்தது. யாருக்கும் சம்பளம் இல்லை. நான் ஸ்ட்ரெதமில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஞாயிறு காலை அறிவியல் நிகழ்ச்சியை எழுதுவது என் பொறுப்பு. அதை வாசித்தவர் லூயிஷாமில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நான் எழுதியதற்காக யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. அவருடைய குரலுக்காகக் கேட்டார்கள். கோயிலில் அவர் வாயைத் திறந்ததும் முன்பின் தெரியாதவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வருடம் குளிர் தொடங்கும்போது, வெள்ளிக் கிரகத்துக்கு முதன்முதலில் அனுப்பிய ஆளில்லாக் கலங்களைப் பற்றி ஒன்பது வாரத் தொடர் ஒன்று எழுதினேன். மகிழ்ச்சியான கதை அல்ல. முதலில் போனவற்றில் பல வழியிலேயே பேச்சை நிறுத்திவிட்டன. அமெரிக்கக் கலம் ஒன்று அருகால் கடந்துபோய், அந்தக் கிரகம் உலையைப் போலக் கொதிக்கிறது என்று சொன்னது. பிறகு சோவியத் கலங்கள் உள்ளே இறங்கின. தரையைத் தொடுமுன்பே அங்குள்ள கனத்த காற்று அவற்றை நசுக்கியது.

மூன்றாம் வாரம், சனிக்கிழமை ஒலிப்பதிவின் நடுவில் அண்ணை தாளை மேசையில் வைத்துவிட்டார்.

"தம்பி, கிழமைக்குக் கிழமை ஒண்டு சாகுது. சனத்துக்கு நல்லதா ஏதும் சொல்லேலாதே?"

"நடந்தது அதுதானே அண்ணை."

"ஓம், நடந்ததுதான். எண்டாலும் வாசிக்கிற எனக்கே தொண்டை அடைக்குது."

கதையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு, பதிவை ஒலிபரப்பி முடித்து நேயர்களோடு நேரடியாகப் பேசும்போது, ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். "எரிஞ்சு போகும் எண்டு தெரிஞ்சும் ஏன் தம்பி திருப்பித் திருப்பி அனுப்பினவை?" என்று கேட்டார். அண்ணை கொஞ்சம் யோசித்தார். "முதல் அனுப்பேக்க தெரியாதம்மா. போனாப் பிறகுதான் தெரிஞ்சது." நான் எழுதிக் கொடுத்த தாள்களில் அப்படி ஒரு வரி எங்கும் இல்லை.

ஐந்தாம் வாரம்தான் ஒரு கலம் தரையில் இறங்குகிறது. பாரசூட் சரியாக வேலை செய்யாமல் வேகமாக மோதி, மூச்சில்லாமல் கிடக்கிறது என்று எல்லோரும் கைவிட்டார்கள். பிறகு பதிவு நாடாவைத் தேடிப் பார்த்தபோது, இரைச்சலுக்கு அடியில் மிக மெல்லிய சமிக்ஞை இருபது நிமிடத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பகுதி அது. அண்ணையின் குரல் அதில் கிழிந்தது.

"கரகரக்குது அண்ணை. தண்ணி குடிச்சிட்டு ஒழுங்கா வாசியுங்கோ."

"கொஞ்ச நாளா இப்பிடித்தான். பஸ்ஸுக்குள்ள ஹீட்டர், அதுதான்."

"அப்ப டொக்டரிட்டக் காட்டுங்கோ. இப்ப இன்னொருக்கா வாசிப்பம்."

நாலு தரம் வாசிக்க வைத்தேன். அறை குளிர்ந்தது, எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும், எரிச்சலை மறைக்கவும் இல்லை. அவர் தாளைத் திருப்பி ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து வாசித்தார்.

ஏழாம் வாரம் அவர் வரவில்லை. அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"தொண்டையில கான்சராம் தம்பி. குரல்வளையை எடுக்கவேணுமாம்."

"எப்ப தொடங்கினது அக்கா?" என்று கேட்டேன்.

"ஆறு மாசமாக் கரகரத்ததுதானே. உங்களோடதானே கிழமைக்குக் கிழமை வாசிச்சவர்?"

அவர் குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.

மிச்சத் தொடரை நானே வாசித்தேன். அந்தக் கிரகத்தின் தரையில் எடுத்த முதல் படம், அதிலுள்ள தட்டையான கற்கள், கமராவின் மூடி கழலாமல் ஒன்றையும் பார்க்காமலே போன கலங்கள். எந்த அழைப்பும் வரவில்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு லூயிஷாமுக்குப் போனேன். கழுத்தில் துளை, மடியில் எழுதிக் காட்ட ஒரு கொப்பி. அண்ணை மெலிந்திருந்தார். அந்தச் சனிக்கிழமை நாலு தரம் வாசிக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார்: "எந்த நாலு தரம்?"

நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, அதற்குக் கீழே எழுதினார்: "கமரா மூடிக் கதை நல்லம். ஆனா நீர் வேகமா வாசிக்கிறீர்."

பஸ் வேலை போய்விட்டது. வானொலியில் அந்த நேரத்துக்கு இப்போது பாட்டுப் போடுகிறார்கள். முதலில் கிழமைக்கு ஒருதரம் போனேன், பிறகு மாதத்துக்கு ஒருதரம். முன்பு அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது நான்தான் பேசவேண்டும். பத்து நிமிடத்தில் என்னிடம் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. பிறகு இரண்டு பேரும் சத்தத்தைக் குறைத்த தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்போம்.

போன வாரம் அவர் மனைவி அழைத்து, "உங்களைக் காணேல்லை எண்டு எழுதிக் காட்டினவர்" என்றார். இந்த ஞாயிறு வாறன் என்றேன். ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருந்தேன். போகவில்லை.