அக்காவின் இல்லாத நாடுகள்

அக்காவுக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், வாத்தியார் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். அவள் இல்லாத நாடுகளை எழுதுகிறவள்.

உலகத்து ஆட்சிகளை வகை பிரிக்கும் ஓர் ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை. ஒரு கோடியில் மக்களாட்சி, மறுகோடியில் சர்வாதிகாரம். அவற்றால் தலைவலி இல்லை. நடுவில் நிற்கும் இரண்டுங்கெட்டான்கள்தான் பாடாய்ப் படுத்தும். தேர்தல் தவறாமல் நடக்கும், ஆளும் கட்சி மட்டும் தோற்காது. நீதிமன்றம் இருக்கும், தீர்ப்பு முந்தின நாளே ஊருக்கே தெரிந்திருக்கும். இவற்றுக்கு மதிப்பெண் போடும் அறிஞர்களில் ஒருவர் கறார், இன்னொருவர் தாராளம். யார் எப்படி என்று பிடிக்க, எல்லோருக்கும் ஒரே கற்பனை நாட்டைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். அந்தக் கற்பனை அக்காவின் இலாகா.

நிலையத்துக்கு நாலு வரி போதும். அவளுக்குப் போதாது. ஆறு, மழையில் நனைந்த தபால் நிலையம், அதன் படியில் தூங்கும் பூனை எல்லாம் வேண்டும். மத்தியானத் தூக்கத்தில் நானே அந்தத் தெருக்களில் நடந்துவிட்டு வந்திருக்கிறேன். விழித்த பிறகும் எந்த நாட்டில் படுத்திருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பிடிபடாது.

அத்தான் வானொலியில் செய்தி வாசிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்துவைத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புது நாட்டைச் சொல்வாள். "குடியிருக்கலாம்", இல்லாவிட்டால் "மூட்டையக் கட்டு". இரண்டில் ஒன்றுதான் அவர் பதில். எந்தப் பேராசிரியரையும்விட அக்கா அதைத்தான் நம்பினாள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாடு சொன்னாள். ஆற்றங்கரையில் வானொலி நிலையம். வாசிக்க வேண்டிய செய்தி மேலிடத்திலிருந்து பாதி அடிக்கப்பட்டு வரும். வாசிப்பவன் மிச்சத்தை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவான்.

"மூட்டையக் கட்டு! தூங்குறானாம் தூக்கம்!" என்று அத்தான் கத்திய கத்தலில் சட்டை கருகிப்போனது. அந்தச் சட்டையை வைத்து வருஷக்கணக்காக அவரைக் கிண்டல் செய்தோம்.

இந்த வருஷம் நிலையம் அக்காவிடம் நம் நாட்டுக்கே மதிப்பெண் போடச் சொன்னது. அவளுக்குக் கை ஓடவில்லை.

"எல்லாம் பாத்துப் பாத்து எனக்கே பழகிப்போச்சோன்னு பயமா இருக்குடி. அவர்கிட்ட கேட்டாத்தான் தெரியும்."

அத்தானோ வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அதனால் அக்கா அந்தப் பழைய நாட்டையே எடுத்தாள். ஆற்றை மட்டும் மலையாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை, புது நாடு மாதிரி, மலையடிவாரத்துப் பனியில் ஆரம்பித்து மெதுவாகச் சொல்லி முடித்தாள். கத்துங்கள் அத்தான், இன்னொரு சட்டை போனாலும் பரவாயில்லை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அத்தான் காலரின் மடிப்பைப் பொறுமையாகத் தேய்த்தார்.

"குடியிருக்கலாம். அவனுக்குத் தூக்கமாவது வருதே."

"உங்களுக்கு வரலையா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். போய் ஜன்னலைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். அதற்கப்புறம்தான் "இல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. எழுந்துபோய், நம் நாட்டுக்கான மதிப்பெண்ணைப் போட்டு அனுப்பிவிட்டு வந்தாள்.