தரையில் வைத்த மடக்குக் கத்தி

நான் சேர்த்திருக்கும் பதினொரு மடக்குக் கத்திகளில் ஒன்று, எங்கள் தோட்டத்துத் துரையின் பட்லரிடம் வாங்கியது, மான்கொம்புப் பிடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை புருஷனுக்கு அதைக் கொடுக்க இன்று செர்காம் போகும் பஸ்ஸில் வெளியே எடுத்தேன்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். அதனால் பஸ் தரையில் வைத்தேன்.

"எடுத்துக்கங்க மாப்ள."

அவர் குனிவதற்குள் எதிர் சீட்டுக்காரன் அதன்மேல் காலை வைத்தான்.

"கீழ கெடந்துச்சுலா, எனக்குத்தான்."

மாப்பிள்ளை அவன் மூக்கை உடைத்தார். அவன் மாப்பிள்ளையின் காதைக் கடித்தான். விலக்கப் போன எனக்கு ஒரு பல் போனது. டிரைவர் மூவரையும் வழியில் உம்பாய் ஸ்டாப்பில் இறக்கித் தள்ளிவிட்டுக் கத்தியோடு போய்விட்டார்.

ரத்தம் சொட்டும் காதைப் பொத்திக்கொண்டு மாப்பிள்ளை கேட்கிறார்: "இன்னொண்ணு இருக்கா மச்சான்?"

இருக்கிறது. கையிலும் கூடாது, தரையிலும் கூடாதென்றால் எதில் வைத்துக் கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இன்னும் பல் மிச்சமிருக்கிறது.