அப்பாவின் தூசி மெஷின்

என் அம்மாவுக்கு இளைப்பு இருந்தது. பனி இறங்கத் தொடங்கினால் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் கேட்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வந்ததால், எல்லா அம்மாக்களுக்கும் மூச்சு அப்படித்தான் வரும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மலைமேல் கிளியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் மெக்கானிக். எங்கள் வீடு காபி காயப்போடும் களத்தை ஒட்டியே இருந்தது. காய்ந்த பழத்தின் தோலை நீக்கும் நாட்களில் கிளம்பும் தூசி, ஜன்னலைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கு வழியாக வந்து பாய், தட்டு, தலையணை எல்லாவற்றிலும் படியும். பெருக்கினாலும் அம்மாவுக்கு இளைப்பு, பெருக்காவிட்டாலும் இளைப்பு.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை. விறகுப் புகை ஆகாதென்று அடுப்புக்கு மேலே தகரக் குழாயும் காற்றாடியும் வைத்தார். புகை வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கொடித் துணிகளில் கரியாக உட்கார்ந்தது. பழைய ஜீப்பின் வைப்பர் மோட்டாரை வைத்துச் சட்னி அரைக்க ஒன்று செய்தார். முதல் நாள் பாதித் தேங்காய் சுவரில் இருந்தது. அதை வழித்துக்கொண்டே அம்மா, "பரவால்லீங்க, மீதி நல்லா அரைஞ்சிருக்குது" என்றாள். அவர் செய்த எதையும் அவள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது எஸ்டேட் பங்களாவில் தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று ரிப்பேரானது. வெளிநாட்டுச் சாமான். அப்பா போய்ச் சரிசெய்துவிட்டு வந்தவர், சோற்றுத் தட்டை ஒதுக்கிவைத்துத் தரையில் கரித்துண்டால் படம் போட ஆரம்பித்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல புள்ள. ஒரு காத்தாடி, ஒரு பை. அம்புட்டுத்தான்" என்றார் அம்மாவிடம்.

உமி ஊதித் தள்ளும் பழைய மோட்டாரைத் திருப்பிக் கட்டி, ஒரு தகர டப்பாவும் ரப்பர்க் குழாயும் பொருத்தினார். தூசி சேரும் பையை, அவருடைய பழைய வேட்டியில் அம்மாவே தைத்துக் கொடுத்தாள். ஓட்டிக்காட்டிய அன்று அக்கம்பக்கத்தார் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். மெஷின் லாரி மலையேறுவது போல் உறுமியது. பாயின் ஓரத்தில் கிடந்த உமியெல்லாம் குழாய்க்குள் ஓடி மறைந்தது. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டு அக்கா குனிந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கும் ஒன்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"இப்ப மூச்சு லேசா இருக்குதுங்க" என்றாள் அம்மா.

அதன்பிறகு வேலைக்குக் கிளம்புமுன் தினமும் மெஷின் ஓடியது. இளைப்பு குறையவில்லை. இந்த வருசம் பனி அதிகம் என்றார்கள்.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு மதியம் அப்பா மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில், வேட்டிப் பையைச் சுற்றி மாவு சலித்தது போல் ஒரு புகை எழும்புவதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதற்குள் கையை விட்டு விளையாடினேன். என் கையைப் பார்த்த அப்பா மெஷினை நிறுத்திவிட்டார். பெரிய குப்பையைப் பிடித்துக்கொண்ட துணி, கண்ணுக்குத் தெரியாத பொடியை எல்லாம் வீடு முழுக்க ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "இதப் போட்டா உனக்கு இழுக்குதா?" என்று கேட்டார்.

"மொத நாள்லயிருந்தே இழுக்குதுங்க" என்றாள்.

"ஏன் புள்ள சொல்லல?"

"நொம்ப சந்தோசமா இருந்தீங்க."

அந்த வாரமே அம்மாவை ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மலைப் பனியும் காபித் தூசியும் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடிவாரத்தில் குப்பனூரில் இருந்த மாமா வீட்டில் அம்மாவை விட்டோம். பள்ளிக்கூடத்துக்காக நான் அப்பாவோடு மேலேயே இருந்தேன்.

அப்பா மெஷினைப் பிரித்துப்போட்டார். ஒருநாள் சாரல் விட்டதும் என்னைக் களத்துக்குக் கூட்டிப்போய், "மழை பேஞ்சா இங்க தூசி பறக்குதா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். துணிப் பையை எடுத்துவிட்டு, உறிஞ்சின காற்று தண்ணீருக்குள் புகுந்து வரும்படி ஒரு டிரம்மை வைத்தார். தண்ணீர் மோட்டாருக்குள் ஏறி இரண்டு தடவை புகைந்தது. மூன்றாவது தடவை ஓடியது. மூடியைத் திறந்தால் தண்ணீர் டீயைப்போல் இருந்தது. அதை ஒரு பாட்டிலில் பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு குப்பனூர் பஸ் ஏறினார்.

அம்மா மிகவும் மெலிந்திருந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இம்புட்டுமா என்ற நெஞ்சுக்குள்ள போயிட்டிருந்துச்சு?" என்று சிரித்தாள்.

"இனிமே போகாது. தை பொறந்ததும் ஊட்டுக்கு வந்துரு" என்றார் அப்பா. அவள் சரியென்று தலையாட்டினாள்.

மார்கழியில் அம்மா இறந்துபோனாள்.

காரியங்கள் முடிந்து நாங்கள் இருவரும் மேலே வந்தோம். மறுநாள் காலையே அப்பா மெஷினை எடுத்தார். பிறகு தினமும் ஓட்டினார். கட்டிலுக்கு அடியில், ஓட்டு இடுக்கில், அம்மாவின் தலையணை மேல் எல்லாம் குழாயை வைத்து மெதுவாக இழுப்பார். தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது என் வேலை. களத்தில் தோல் நீக்கும் வேலையும் ஓய்ந்துவிட, நாளாக நாளாகத் தண்ணீரின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் மூடியைத் திறந்தபோது, ஊற்றியபடியே தெளிந்து கிடந்தது.

மெஷின் கெட்டுவிட்டதென்று பயந்து அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, தண்ணி அப்படியே இருக்குது. மெஷின் வேலை செய்யல."

அவர் வந்து டிரம்முக்குள் குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் வேலை செய்யுது கண்ணு. ஊடு சுத்தமாயிருச்சு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வீடு சுத்தமானதற்கு ஒருவர் ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் எழுந்திருக்கட்டும் என்று டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.